ஒத்துப் போவதும் தாங்கி நிற்பதும்

தென்காசியில் ஆனி மாதம் பிறந்துவிட்டால் வெயிலுக்கும் மழைக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டுவிடும். வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே சாரல் விழும். குடை எடுப்பதா வேண்டாவா என்று நாம் தீர்மானிப்பதற்குள் அது நின்றும்விடும். மேற்கே குற்றால மலையின் தலையில் மேகம் இறங்கியிருப்பதை எங்கள் தெருவிலிருந்தே பார்க்கலாம். அத்தகைய ஒரு பிற்பகலில், வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கும் இளைஞர் என் வீட்டுக்கு வந்தார். உறவு முறையில் எனக்கு மருமகன். கையில் தட்டச்சு செய்த நான்கு தாள்கள்.

"மாமா, வக்கீல் ஐயா நாளைக்குக் கோர்ட்டில் கொடுக்க வேண்டிய வாதக் குறிப்பு. இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள்" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவனுக்கு, ஓய்வு பெற்ற பின்னும், பிழை திருத்துவதற்கு ஒரு தாள் கிடைத்தால் பசித்தவனுக்கு இலை போட்டது போலத்தான். பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். இரண்டாம் சாட்சியின் வாக்குமூலம் முதல் சாட்சியின் வாக்குமூலத்துக்கு உறுதி தருகிறது என்பது பொருள். ஆங்கிலத்தில் 'கொராபரேட்ஸ் வித்' என்று இருந்தது. அந்த 'வித்' என்னும் சொல்லைச் சிவப்பு மையால் அடித்தேன்.

"அது இருந்தால் என்ன மாமா குறைந்துவிட்டது?" என்று கேட்டார்.

"அந்த வினைச்சொல்லுக்கு வித் வராது" என்றேன். ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை. அவர் திருப்தியடைந்தார், எனக்கு மட்டும் மனம் அமையவில்லை. ஏன் வராது? வந்தால் என்ன கெட்டுவிடும்? இதைப்பற்றி அன்று இரவு சிந்தித்ததையும், சிந்தனை என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடங்களையும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'கொராபரேட்' என்பதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'ரோபர்' என்றால் அம்மொழியில் கருவாலி மரம். அம்மரத்தின் உறுதியும் அதே சொல்லால் குறிக்கப்பட்டது. நம் தமிழிலும் இதற்கு நேரான ஒரு வழக்கு உண்டு. செங்கோட்டை மரக்கடைகளுக்குப் போனால், "இது வயிரம் பாய்ந்த கட்டை" என்று ஒரு தேக்கைத் தட்டிக் காட்டுவார்கள். மரத்தின் நடுவே இறுகிய பகுதியாகிய வயிரமே உறுதிக்குப் பெயராயிற்று. ஆகவே கொராபரேட் செய்வது என்றால், மெலிந்து நிற்கும் ஒன்றுக்கு வயிரம் ஏற்றுவது. ஒன்று மெலிந்திருக்கிறது, வேறொன்று அதற்கு வலிமை கொடுக்கிறது. கொடுப்பதும் பெறுவதும் இதில் உண்டு என்பதை மறந்துவிடலாகாது.

தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் அந்த 'வித்' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது? நம் தமிழிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. "இவன் சொன்னது அவன் சொன்னதோடு ஒத்துப் போகிறது" என்று நாம் பேசுகிறோம். 'ஓடு' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு அங்கே வருகிறது. அந்த 'ஓடு'தான் ஆங்கிலத்துக்குள் 'வித்' ஆகப் புகுந்துவிடுகிறது. 'அக்ரீ' என்ற சொல்லுக்கு அது பொருந்தும். 'கொராபரேட்' ஒத்துப் போவதைக் குறிப்பதன்று, தாங்குவதைக் குறிப்பது. தாங்குவதற்குத் தமிழிலும் 'ஓடு' வராது; 'ஐ' வரும். முட்டு வாழையைத் தாங்குகிறது என்போம். வாழையோடு தாங்குகிறது என்று எவரும் சொல்லார். ஆங்கிலமும் அப்படியே. கடிதம் அவன் கூற்றைத் தாங்குகிறது. அல்லது அவன் கூற்று கடிதத்தால் தாங்கப்படுகிறது. முன்னதில் இடையே எந்த உருபுச் சொல்லும் இல்லை. பின்னதில் 'பை' வரும். இவ்விரண்டைத் தவிர வேறு வழி இல்லை.

ஒத்தல் இருபுறமும் சமமான உறவு. நான் உங்களோடு ஒத்துப் போனால் நீங்களும் என்னோடு ஒத்துப் போகிறீர்கள். தாங்கல் அப்படியன்று. சிற்றாற்றுப் பாசனத் தோட்டங்களில் வாழை குலை தள்ளியதும் கம்பு நட்டு முட்டுக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முட்டு வாழையைத் தாங்கும். வாழை முட்டைத் தாங்காது. மேலும் ஒன்று. அந்த முட்டின் அடி தனியே மண்ணில் ஊன்றியிருக்க வேண்டும். ஒரு கம்பை அந்த வாழையின் தண்டிலேயே கட்டிவிட்டு, முட்டுக் கொடுத்தாயிற்று என்று ஒருவன் திண்ணையில் போய் அமர்ந்தால், ஆடிக் காற்றில் வாழையும் கம்பும் சேர்ந்தே சாயும்.

இதனோடு ஒட்டிய சில சிறு பிழைகளை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். 'கொலாபரேட்' என்பது வேறு சொல். கூடி உழைப்பது என்று பொருள். ஒரு 'ர'வுக்கு 'ல' போட்டுவிட்டால், இரு சாட்சிகளும் சேர்ந்து கதை கட்டினார்கள் என்று நாமே எழுதிக் கொடுத்தவர்கள் ஆவோம்! 'எவிடென்ஸ்' என்பதை இன்றைய எழுத்து வழக்கில் பன்மையாக்குவதில்லை. நீரை நாம் எண்ணாதது போல அதையும் எண்ணுவதில்லை. எண்ணத்தான் வேண்டுமானால் சான்றின் கூறு ஒன்று, கூறு இரண்டு என்று 'பீஸ்' சேர்த்து எண்ணுவார்கள். நம்மவர் 'எவிடென்ஸஸ்' என்று எழுதினால் ஒரேயடியாக நகைக்கவும் வேண்டா. 1794-இல் வில்லியம் பேலி என்னும் ஆங்கில அறிஞர் வெளியிட்ட கிறித்தவச் சமயச் சான்றுகள் பற்றிய நூலின் தலைப்பிலேயே அந்தப் பன்மை இருக்கிறது. பழைய சட்டையை நாம் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம், அவ்வளவே. விண்ணப்பத்தோடு இணைக்கும் தாள்களை 'சப்போர்ட்டிங்' என்று சொல்வதே நன்று. 'சப்போர்ட்டிவ்' என்பது பெரும்பாலும் நோயுற்றவன் பக்கத்தில் அமர்ந்து ஆறுதல் சொல்லும் உறவினர்க்கு உரிய அடைமொழி. குடும்ப அட்டையின் நகல் நமக்கு ஆறுதல் சொல்வதில்லை.

இனி, நீதிமன்ற ஆங்கிலத்தில் இந்தச் சொல் தனியே வருவது குறைவு. அதற்கு ஒரு வால் உண்டு: 'இன் மெட்டீரியல் பர்ட்டிகுலர்ஸ்'. இந்தத் தொடரை "பொருள்களின் விவரங்களில்" என்று மொழிபெயர்த்த ஒரு தாளை நான் கண்டதுண்டு. மெட்டீரியல் என்றவுடன் செங்கலும் மணலும் நினைவுக்கு வந்திருக்கும். இங்கே அது முக்கியமான, வழக்கின் முடிவையே மாற்றக்கூடிய என்று பொருள்படும். பர்ட்டிகுலர்ஸ் என்பது தனித்தனிச் செய்திகள். ஆகவே தொடரின் பொருள்: வழக்குக்கு உயிரான செய்திகளில் வேறு சான்றால் உறுதி பெற்றது. எல்லாச் செய்திகளிலும் உறுதி வேண்டுமென்று தொடர் கேட்கவில்லை. ஏதோ ஒரு செய்தியில் உறுதி கிடைத்தால் போதும் என்றும் அது சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே அது நிற்கிறது.

1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். குற்றத்தில் தானும் பங்கு கொண்டு, பிறகு அரசு தரப்புச் சாட்சியாக மாறுகிறவனை அப்ரூவர் என்கிறோம். அவன் பேச்சை எவ்வளவு நம்பலாம்? அச்சட்டத்தின் 133-ஆம் பிரிவு, உறுதிச் சான்று இல்லாத அவனது வாக்குமூலத்தின் மேல் தண்டனை விதித்தாலும் அந்த ஒரு காரணத்தாலேயே அது சட்ட விரோதமாகிவிடாது என்றது. 114-ஆம் பிரிவின் கீழ் வந்த ஓர் எடுத்துக்காட்டோ, முக்கியச் செய்திகளில் உறுதி கிடைத்தாலன்றி அவன் நம்பத் தகாதவன் என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்றது. ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் தாழ்ப்பாளைத் தொட்டுக் காட்டுவது போன்றது இது.

இந்தத் தொடர் எங்கள் தென்காசி மண்ணோடு உரசிய காலம் ஒன்று உண்டு. அது தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலம். தனி மாவட்டம் ஆனது 2019-இல்தான். ஐந்து கல் தொலைவிலுள்ள செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள், மணியாச்சி இரயில் சந்திப்பில், கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன். அவர் அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். சுட்டவர் இல்லை. அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்பதே கேள்வியாயிற்று. நீலகண்ட பிரம்மச்சாரியை முதல் எதிரியாகக் கொண்டு பதினான்கு பேர்மேல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. தலைமை நீதிபதி ஆர்னல்டு ஒயிட், ஐலிங், சங்கரன் நாயர் ஆகிய மூவர் விசாரித்தனர். பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய டி. பிரகாசம் எதிரிகள் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர்.

அரசுத் தரப்பின் கதையில் ஒரு முக்கிய நிகழ்ச்சி தென்காசியில் நடந்தது. 1910-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இவ்வூர் வீடு ஒன்றில் சிலர் கூடினார்கள்; காளியின் படத்துக்கு முன்னால் குங்கும நீரை வெள்ளையரின் இரத்தமாகப் பாவித்து அருந்தினார்கள்; விரலைக் கீறித் தாளில் இரத்த ரேகை வைத்துச் சபதம் செய்தார்கள் என்று சொல்லப்பட்டது. சொன்னவர்கள் அப்ரூவர்களாகிய இருவர்: ஆறுமுகம் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை.

அன்பர்களே, இங்கே நின்று எண்ணிப் பாருங்கள். பூட்டிய அறையில் நடந்த சபதம். குங்கும நீர் காய்ந்துவிடும். சொன்ன சொல் காற்றோடு போய்விடும். அறைக்குள் இருந்தவரே அதற்குச் சாட்சி. அறைக்குள் இருந்தவரோ குற்றத்தில் பங்காளி. ஒரு பங்காளி சொன்னதையே மற்றொரு பங்காளியும் சொன்னால் இரண்டும் ஒத்துப் போகின்றன என்பதில் ஐயமில்லை. ஒன்றை ஒன்று தாங்குகிறதா?

அரசு தரப்பிலிருந்து ஒருவர், இன்ன எதிரி அந்நாளில் தென்காசிக்கு வந்திருந்தார் என்று நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்ரூவரும் அப்படித்தான் சொன்னார். செய்தி ஒன்று உறுதி பெற்றுவிட்டது. அது வழக்குக்கு உயிரான செய்தியா? தென்காசிக்கு வருவதற்கு ஒரு மனிதனுக்கு நூறு காரணம் உண்டு. கோயில் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது, திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் இரயில் பாதை அப்போதே போடப்பட்டுவிட்டது. வந்தான் என்பது வந்தான் என்பதை மட்டுமே காட்டும். சபதம் செய்தான் என்பதைக் காட்டாது. மாறாக, அவன் கையால் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்து, அதில் அந்தக் கூட்டத்தின் நோக்கம் தெரிந்தால், அந்தக் கடிதம் வேறு மண்ணில் ஊன்றிய முட்டு.

1912 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒன்பது பேர் தண்டனை பெற்றனர். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுக் கடுங்காவல். சங்கரன் நாயர் மற்ற இருவரோடு உடன்படாமல் தனித்தீர்ப்பு எழுதினார். அப்ரூவர் முன்பு ஒரு முறை சொன்னதையே அவருடைய பின்னைய வாக்குமூலத்துக்கு உறுதியாகக் கொள்ளலாமா என்ற கேள்வி பின்னர் ஒரு பேரமர்வின் முன்பும் எழுந்தது. அங்கும் நீதிபதிகள் ஒருமனப்படவில்லை. ஒரே ஆள் இரண்டு முறை சொன்னால் அது இரண்டு சான்றா, ஒன்றா? சட்டம் ஒரு வகையில் இடம் கொடுக்கலாம். அந்த முட்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்பது வேறு கேள்வி. அந்தப் போராட்டத்தில் ஈடுபட்டோரிடம் எனக்குள்ள மதிப்பு வேறு, இந்த ஆராய்ச்சி வேறு. இரண்டையும் நான் கலக்கவில்லை. அந்நிய அரசின் கலெக்டர் கொலையுண்ட வழக்கிலும், அதே அரசின் நீதிமன்றத்தில், ஒரு தொடரின் பொருளுக்காக நீதிபதிகள் பிரிந்து நின்றார்கள் என்பதைத்தான் நான் வியக்கிறேன்.

பிறகு வந்தவர்கள் பொருளை மேலும் தெளிவாக்கினார்கள். 1916-இல் இங்கிலாந்தில் பாஸ்கர்வில் என்பவர் வழக்கில் ரீடிங் பிரபு, உறுதிச் சான்று தனித்து நிற்பதாகவும், எதிரியைக் குற்றத்தோடு இணைப்பதாகவும் இருக்க வேண்டும் என்று வகுத்தார். 1949-இல் பிரிவி கவுன்சில், புபோனி சாகு என்பவர் வழக்கில், ஓர் உடந்தையாளன் பேச்சுக்கு மற்றோர் உடந்தையாளன் பேச்சை முட்டாக வைப்பதைப் பொதுவாக ஏற்கவில்லை. நம் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி விவியன் போஸ், இராமேசுவர் என்பவர் வழக்கில், உறுதி என்பது கதை முழுவதையும் மறுபடி சொல்வதாக இருக்க வேண்டியதில்லை, சூழ்நிலைச் சான்றாகவும் இருக்கலாம் என்று விளக்கினார்.

இப்போது 1872-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லை. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. பழைய 133-ஆம் பிரிவு அதில் 138-ஆம் பிரிவாகியிருக்கிறது. ஆங்கில மொழிவில் ஒரு சிறு மாற்றம்: 'அன்கொராபரேட்டட்' என்றிருந்த இடத்தில் 'கொராபரேட்டட்' என்று வந்திருக்கிறது. முன்பு, உறுதி பெறாவிட்டாலும் அதனாலேயே சட்ட விரோதமன்று என்றார்கள். இன்று, உறுதி பெற்றிருந்தால் சட்ட விரோதமன்று என்கிறார்கள். 'அன்' என்னும் ஒரு முன்னொட்டுப் போயிற்று. ஆங்கில ஆசிரியன் ஒருவன் வாழ்நாளெல்லாம் மாணவரிடம் முன்னொட்டைக் கவனியுங்கள் என்று கத்துகிறானே, அவனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்குமா?

கோர்ட்டுக்கு வெளியிலும் இத்தொடரின் உறவினர்கள் உலவுகிறார்கள். குற்றாலத்தைப் பற்றி வெளியூரார்க்காக ஆங்கிலத்தில் எழுதிய விளம்பரத் தாள் ஒன்றைப் பருவ காலத்தில் ஒருவர் என் கையில் திணித்தார். அருவி நீர் மலையிலுள்ள மூலிகைகளின் சாரத்தோடு இறங்குவதால் நோய்களைத் தீர்க்கிறது. ஆண்டுதோறும் திரளும் கூட்டமே இதற்குச் சான்று என்று 'ஆஸ் எவிடென்ஸ்டு பை' போட்டு எழுதியிருந்தது. சொல்லாட்சி பழுதில்லை. பலர் 'ஆஸ் எவிடென்ட் பை' என்று எழுதிப் பிழைப்படுவார்கள்; 'எவிடென்ட்' என்றால் 'ஃப்ரம்' வர வேண்டும், 'எவிடென்ஸ்டு' என்றால்தான் 'பை'. தாளை எழுதியவர் அதை அறிந்திருக்கிறார். கூட்டம் எதைத் தாங்குகிறது? நோய் தீர்கிறது என்பதையா, மக்கள் வருகிறார்கள் என்பதையா? மக்கள் வருகிறார்கள் என்பதற்கு மக்கள் வருவதையே சான்றாக வைத்திருக்கிறார். நானும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் தலையைக் கொடுத்தவன்தான். குளித்து எழுந்தால் அடங்காத பசி எடுக்கும் என்பதற்கு மட்டும் நேர்ச் சாட்சி சொல்லத் தயார்.

இனி நான் சொல்லப் போவதை இத்தனை ஆண்டுகளாக எங்கும் சொன்னதில்லை.

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. பள்ளியின் பெயர் வேண்டா. பருவ காலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்தருவிக்கு அழைத்துச் சென்றிருந்தோம். சக ஆசிரியர் ஒருவர் கைக்கடிகாரத்தைத் துண்டில் சுற்றிப் பாறைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது துண்டு இருந்தது, கடிகாரம் இல்லை. மறுநாள் விசாரணை. ஒரு பையன், இன்னான் துண்டைப் பிரித்ததைப் பார்த்தேன் என்றான். மற்றொரு பையனும் அப்படியே சொன்னான். குற்றம் சாட்டப்பட்டவன் பீடி சுற்றும் குடும்பத்துப் பிள்ளை. "நான் எடுக்கலை சார்" என்பதைத் தவிர வேறொன்றும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆசிரியர்களில் இளையவன் நான். ஆங்கிலம் நன்றாக எழுதுவான் என்று பெயர் வாங்கியவன். அறிக்கையை என்னை எழுதச் சொன்னார்கள். முதல் மாணவனின் கூற்று இரண்டாம் மாணவனின் கூற்றால் எல்லா முக்கியச் செய்திகளிலும் உறுதி பெறுகிறது என்று எழுதினேன். 'கொராபரேட்டட் பை' என்று சரியாக எழுதினேன். 'இன் ஆல் மெட்டீரியல் பர்ட்டிகுலர்ஸ்' என்று வாலையும் சேர்த்தேன். ஒரு சட்ட நூலில் படித்து மனத்தில் வைத்திருந்த தொடர்; அதற்கு ஒரு வாய்ப்பு வந்துவிட்டதே என்ற மகிழ்ச்சி எனக்கு. பெரியவர்கள் படித்துவிட்டு, "ஆங்கிலம் கம்பீரமாக இருக்கிறது" என்றார்கள். அந்தப் பையனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டுக் கடைசியில், அந்த இரண்டாம் பையன் வேறு ஊருக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் வந்தான். போகிற பேச்சில், "அன்னைக்கு நான் அருவிக்குள்ளே நின்னேன் சார். ஒண்ணும் பார்க்கலை. பஸ்ஸிலே வரும்போது அவன்தான் பார்த்தேன்னு சொன்னான். அதான் நானும் சொன்னேன்" என்றான். அவனுக்கு அது பெரிய செய்தியாகவே தோன்றவில்லை.

நான் அந்த அறிக்கையை நினைத்துப் பார்த்தேன். இருவரும் ஒரே சொற்களில், ஒரே வரிசையில் சொல்லியிருந்தார்கள். துண்டின் மூன்றாவது மடிப்பு என்றுகூட இருவரும் சொன்னார்கள். அவ்வளவு ஒத்துப் போனதே என்னை எச்சரித்திருக்க வேண்டும். அந்த ஒற்றுமையைக் கண்டு நான் ஏமாந்ததோடு நில்லாமல், அதற்கு ஒரு நல்ல பெயரும் சூட்டிவிட்டேன். ஒரே ஒரு பையன் சொன்னான் என்பதுதான் உண்மை. மற்றவன் அந்த வாழையிலேயே கட்டிய கம்பு.

பெரியவர்களிடம் சொன்னேன், பழைய கதை என்றார்கள். பையனின் தந்தை பெயருக்குக் கடிதம் எழுதினேன். குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது, கடிதம் திரும்பி வந்தது. கடிகாரம் கிடைக்கவே இல்லை. அவன் எடுத்தானா இல்லையா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. என் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை என்பது மட்டும் தெரியும்.

சாரல் நின்ற மறுநாள் காலை அந்தக் குமாஸ்தா இளைஞர் திருத்திய தாள்களை வாங்க வந்தார். கொடுப்பதற்கு முன் கேட்டேன்: "மாப்பிள்ளை, இந்த இரண்டாம் சாட்சி தான் கண்டதைச் சொல்கிறாரா, முதல் சாட்சி சொல்லக் கேட்டதைச் சொல்கிறாரா?"

அவர் விழித்தார். "இங்கிலீஷ்தானே மாமா பார்க்கச் சொன்னேன்" என்றார்.

"இங்கிலீஷைத்தான் கேட்கிறேன். கேட்டதைச் சொல்கிறார் என்றால் நான் அடித்த வித்தை மறுபடி போட்டுவிட்டு, வினைச்சொல்லை மாற்றிவிடலாம். ஒத்துப் போகிறது என்று எழுதினால் போதும்."

தாள்களை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாக்குமூலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு வருகிறேன் மாமா" என்று சொல்லி அவர் படியிறங்கினார். மேற்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது.